போன லாரியைத் திருப்பிக் கொண்டுவந்த 41 பைட்!

(மூன்றாமாண்டு இ.சி.இ. மாணவன், பாரிவாக்கம்)



சி லேப்பில் நாம் வாராவாரம் செய்கிற ஒரு காரியத்தை என்றைக்காவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஐகானை இரண்டு தட்டு தட்டுகிறோம். முதலில் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கிறது. அதற்குள்ளே நீலமாக டர்போ சி வருகிறது. புரோகிராமை அடித்து, ரிசல்ட்டை ரெக்கார்டு நோட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு டீக்குப் போய்விடுகிறோம். அந்தக் கறுப்புப் பெட்டி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அதன் பெயர் டாஸ்பாக்ஸ். டர்போ சி 16 பிட் காலத்துச் சரக்கு. இப்போதைய 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். அதனால் 'நான் ஒரு பழைய பிசி' என்று வேஷம் கட்டி நிற்கிற ஒரு புரோகிராம் தேவைப்படுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2002-ல் முதன்முதலாக வெளிவந்த அந்த டாஸ்பாக்ஸை எழுதியவர்கள் படிப்புக்காக எழுதவில்லை. பழைய கேம் ஆடத்தான் எழுதினார்கள்! விளையாட்டுக்காகச் செய்த பெட்டிக்குள் உட்கார்ந்துதான் நாம் டிப்ளமோ முடிக்கிறோம். (இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.)

சரி, பழைய கேம் புது மெஷினில் ஏன் ஓடுவதில்லை? பல காரணம் உண்டு. அதில் ரொம்ப சுவாரஸ்யமானது வேகம்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதிலிருந்த 8088 பிராசசரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்குக் கேம் எழுதியவர் சுருக்குவழி ஒன்று பிடித்தார். எதிரி ஓர் அடி வைக்கணும், பிறகு கண் இமைக்கிற நேரம் நிற்கணும். நிற்பதற்கு என்ன செய்வது? 'ஒன்றிலிருந்து ஐயாயிரம் வரைக்கும் சும்மா எண்ணிக்கொண்டிரு' என்று பிராசசரிடம் சொல்லிவிட்டால் போச்சு. எல்லா பிசியும் ஒரே வேகம், ஆகவே எல்லா இடத்திலும் ஒரே நேரம். பிராசசரே கடிகாரம்!

பிறகு 286 வந்தது, 386 வந்தது. கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்கும். பெயரைப் பார்த்தால் வேகம் கூட்ட என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலும் அது பயன்பட்டது வேகத்தைக் குறைத்துப் பழைய கேமை ஆடத்தான்.

நம் சீனியர்களுக்கும் சீனியர்கள் லேப்பில் ஒளிந்து ஆடிய 'டிக்கர்' ஞாபகம் இருக்கிறதா? அண்ணன், மாமா யாரையாவது கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். மண்ணைத் தோண்டி மரகதம் பொறுக்குகிற ஆட்டம், பின்னால் 'பாப்கார்ன்' மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கனடாவின் விண்ட்மில் சாஃப்ட்வேர் 1983-ல் வெளியிட்டது. பின்னால் வந்த மெஷின்களில் அந்த அசல் ஆட்டம் ஓடாமல் போனது. ஆண்ட்ரூ ஜென்னர் என்பவர் அந்த மெஷின் கோடைப் பிரித்துப் படித்து, சி மொழியில் திரும்ப எழுதி, 1998-ல் 'டிக்கர் ரீமாஸ்டர்டு' என்று விட்டார். அசல் ஆட்டம் எப்படி நகருமோ அப்படியே நகரணும் என்பதுதான் அவர் நோக்கம். அமிகா என்ற ஹோம் கம்ப்யூட்டரின் ரசிகர்கள் இன்னொரு வழியில் போனார்கள். டபிள்யூ.எச்.டி.லோட் என்று ஒன்றைச் செய்து, ஒவ்வொரு ஃப்ளாப்பி கேமுக்கும் தனித்தனியே ஒரு சின்ன ஒட்டு எழுதி, பின்னால் வந்த வேகமான அமிகாவிலும் ஓடும்படி செய்துவிட்டார்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஹோம் கம்ப்யூட்டர் இருந்ததில்லை. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. எங்கள் ஏரியா ஆட்களுக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. பாலிடெக்னிக் லேப்தான் வீடு, லேப் மெஷின்தான் ஹோம் கம்ப்யூட்டர். என் மாமா அப்படி ஒரு லேப்பில் கேம் எழுதினவர்.

கதைக்கு வருவோம். ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் பாரிவாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. பிரிண்டர் ரீஃபில், லேப்டாப் கீபோர்டு மாற்றுவது, ஆதார் பிரிண்ட், இதுதான் பிழைப்பு. மாமா 1995-ல் டிப்ளமோ முடித்தவர். மூன்றாம் வருஷத்தில் டர்போ பாஸ்கல் 7-ல் ஒரு கேம் எழுதினாராம். பெயர் 'குடம்'.

திரையின் மேலே ஒரு வரிசைக் குழாய். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். கீழே குடத்தை இடதும் வலதும் நகர்த்திப் பிடிக்கணும். பிடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், 10 பாயிண்ட். பக்கத்தில் ஒரு லாரி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். லாரி திரையை விட்டுப் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. 1993 தண்ணிப் பஞ்சத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரி பின்னால் ஓடிய பையன் வேறு என்ன கேம் எழுதுவான்? செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் லாரித் தண்ணிதான் என்று இப்போதும் மாமா நக்கலாகச் சொல்வார்.

2025-ல் அவர்கள் பேட்ச்சுக்கு 30 வருஷம். எல்லோரும் கூடுவது என்று முடிவானது. மாமா பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இறக்கினார். உள்ளே ஃப்ளாப்பிகள். ஒன்றில் குடம் இருந்தது. எழுதிய மூல புரோகிராம் இல்லை. அது லேப் மெஷினோடு பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஓடுகிற ஃபைல் ஒன்று, ஸ்கோர் ஃபைல் ஒன்று. அவ்வளவுதான் மிச்சம்.

"மாப்ள, இதை மீட்டிங்ல ஓட்டணும்டா. லேப்டாப்ல வேணாம். அந்த பழைய மானிட்டர், டக்கு டக்குனு சத்தம் போடுற கீபோர்டு, அதுலதான் ஓட்டணும்" என்றார் மாமா.

கடையில் ஒரு பென்டியம் 4 சும்மா கிடந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ், ஃப்ளாப்பி டிரைவோடு. பழைய பில் பிரிண்டருக்காக வைத்திருந்தது. டாஸ் 6.22 ஃப்ளாப்பியில் பூட் செய்து குடத்தை ஓட்டினோம். திரையில் வந்தது ஒரே வரி: 'ரன்டைம் எரர் 200'.

பாஸ்கல் அகராதியில் எரர் 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல். மாமா கடுப்பாகிவிட்டார். "நான் எங்கடா பூஜ்யத்தால வகுத்தேன்? அதுல வகுத்தலே கிடையாது!"

அவர் சொன்னது சரிதான். வகுத்தது அவர் இல்லை, டர்போ பாஸ்கலின் சி.ஆர்.டி. யூனிட். இது உலகம் முழுக்கப் பேர் வாங்கிய வியாதி. நேரம் கணக்குப் பண்ண அந்த யூனிட் ஒரு வேலை செய்கிறது. பிசியின் டைமர் செகண்டுக்கு 18.2 தடவை துடிக்கும், அதாவது ஒரு துடிப்புக்குச் சுமார் 55 மில்லி செகண்ட். புரோகிராம் தொடங்கும்போதே, ஒரு துடிப்புக்குள் எத்தனை தடவை லூப் சுற்ற முடிகிறது என்று எண்ணிப் பார்த்து, அதை 55-ஆல் வகுத்து, 'ஒரு மில்லி செகண்டுக்கு இத்தனை சுற்று' என்று குறித்துக்கொள்ளும். ஆனால் விடையை வைக்க இருக்கிற இடம் 16 பிட். அதிகபட்சம் 65,535. ஒரு துடிப்பில் எண்ணிக்கை 36,04,480-ஐத் தொட்டால் விடை அந்த இடத்தில் கொள்ளாது. பிராசசர் உடனே இன்டரப்ட் 0 அடிக்கும். பூஜ்யத்தால் வகுத்தாலும் அதே இன்டரப்ட் 0-தான். பாஸ்கலுக்கு வித்தியாசம் தெரியாது, 200 என்று எழுதிவிட்டுச் சாகும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்த பென்டியம்களில் இது ஊர் ஊராக ஆரம்பித்தது. மெகாஹெர்ட்ஸும் 200, எரரும் 200, இது தற்செயல்.

இதற்கு ரெடிமேடாகப் பேட்ச் உண்டு, அன்றைக்கே பலபேர் எழுதினார்கள். எனக்கு அதைப் போட இஷ்டமில்லை. எட்டாவது மைக்ரோபிராசசர் லேப்பில் ஹெக்ஸ் கீபேடில் விரல் தேய்ந்தது எதற்காக? டாஸின் டீபக் புரோகிராமில் ஃபைலைத் திறந்தேன். (இ.எக்ஸ்.இ. என்ற பெயரில் இருந்தால் டீபக் திரும்ப எழுத மறுக்கும். பெயரை மாற்றிவிட்டுத் திறக்கணும்.) 'பி9 37 00' என்று தேடினால் மாட்டியது. ஹெக்ஸில் 37 என்றால் நம் 55. அதற்கு அடுத்த இரண்டு பைட்தான் வகுத்தல். அந்த இரண்டையும் 90 90 ஆக்கினேன். 8085-ல் என்.ஓ.பி. 00, 8086-ல் 90. ஒன்றும் செய்யாதே என்று அர்த்தம். வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்.

ஓட்டினோம். குழாய் வந்தது, குடம் வந்தது, லாரி... லாரி எங்கே? என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் 'லாரி போய்விட்டது! ஸ்கோர் 0' என்று வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார் மாமா. அரை செகண்ட்கூட ஆகியிருக்காது. கடையில் பிரிண்ட் எடுக்க வந்த ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க தெருவுலயும் இப்படித்தான் தம்பி போவும்" என்றார்.

காரணம் தெரிந்ததுதான். மாமாவும் அந்தச் சுருக்குவழிக்காரர். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் 1-லிருந்து 40,000 வரை வெற்று லூப். லேப்பில் இருந்த 286-க்கு அளவாகத் தைத்த சட்டை அது.

"டேய், டாஸ்பாக்ஸ்ல போட்டு கன்ட்ரோல் எஃப்11 தட்டுனா வேகம் குறையும்டா, இதுக்கு ஏன் இவ்ளோ கஷ்டம்?" என்றான் என் பெஞ்ச்மேட். நியாயமான கேள்வி. டாஸ்பாக்ஸில் போட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. அங்கே அதைச் சரிபண்ணவும் முடியும். சும்மா ஆடிப் பார்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் மாமா கேட்டது பழைய மானிட்டர், நிஜ மெஷின். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது: எந்த வேகம் சரியான வேகம்?

இங்கேதான் ஆவடியைப் பற்றிச் சொல்லணும். ஊரை இல்லை, ஆளை. மாமா வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர். அதில் ஆவடியிலிருந்து சைக்கிளில் வந்தவருக்கு 'ஆவடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஸ்கோர் பட்டியலில் பத்துப் பெயர். முதல் வரி: ஆவடி, 870. மொத்தமே நூறு சொட்டுதான் விழும், 87 பிடித்திருக்கிறார். எழுதிய மாமாவே 700-ஐத் தாண்டியதில்லை. ஆவடி மாமா 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். மாமாவால் கடைசியாகப் பார்க்கவும் முடியவில்லை.

"வேகத்தைக் குறைச்சு வெச்சா எவன் வேணா 900 அடிப்பான். கூட்டி வெச்சா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். ரெண்டுமே அவனுக்குச் செய்யற துரோகம்டா" என்றார் மாமா. கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

மாமாவுக்குப் பழைய வேகம் ஞாபகம் இருக்கும் என்று நம்பினேன். வெவ்வேறு வேகத்தில் ஓட்டிக் காட்டினேன். "இதான்... இல்ல, இன்னும் கொஞ்சம் மெதுவா... இல்லடா, முன்னாடி போட்டதுதான்" என்று மூன்று நாள் மூன்று பதில். 30 வருஷத்து ஞாபகத்தை வைத்து மில்லி செகண்ட் அளக்க முடியாது.

விடை ஸ்கோர் ஃபைலுக்குள் இருந்தது. மொத்தம் 130 பைட். பத்துப் பேர், ஆளுக்கு 13. முதல் பைட் பெயரின் நீளம், அடுத்த எட்டு பைட் பெயர். அதற்கப்புறம் ஆவடி வரியில் 66 03 என்று இருந்தது. இன்டெல் வழக்கப்படி சின்ன பைட் முதலில், அதாவது 0366, நம் கணக்கில் 870. சரி, ஸ்கோர். கடைசி இரண்டு பைட் என்ன? 62 00. அதாவது 98. மற்றவர்கள் வரிகளைப் பார்த்தால் 97, 97, 98, 97... எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே.

"மாமா, இந்த 98 என்னாது?"

"அதுவா... ஆட்டம் எத்தனை செகண்டுன்னு எழுதி வெச்சேன். ரெண்டு பேரு ஒரே ஸ்கோர் எடுத்தா யாரு சீக்கிரம் முடிச்சாங்களோ அவங்க மேல. ஆனா லாரி எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் போவும். அது அப்புறம்தான் புரிஞ்சுது. உபயோகமில்லாத அயிட்டம்."

உபயோகமில்லாத அந்த அயிட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது! லாரி போக 1,200 அடி. அது புரோகிராமுக்குள் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் 20 மில்லி செகண்ட் ஆட்டம் நிற்கும். ஆவடி பிடித்தது 87 சொட்டு, ஆகவே சத்தத்துக்கு மட்டும் 1.74 செகண்ட். 98-லிருந்து அதைக் கழித்தால் ஏறக்குறைய 96. பட்டியலின் கடைசி ஆள் 410, அதாவது 41 சொட்டு, 0.82 செகண்ட், அவர் நேரம் 97, கழித்தால் அதுவும் 96! பத்துப் பேருக்கும் போட்டுப் பார்த்தேன், எல்லாம் 96-ஐச் சுற்றியே வந்தது. 96-ஐ 1,200-ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 80 மில்லி செகண்ட்.

ராத்திரி பதினொன்றரைக்கு இந்த விடை வந்தபோது நான் போட்ட கூச்சலில் அம்மா எழுந்துவிட்டார்கள். "அரியர வெச்சிக்கினு அர்த்த ராத்திரியில கேம் ஆடறியா?" என்று அர்ச்சனை. ஆடவில்லை, வகுத்தல் கணக்கு போட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

80 கிடைத்துவிட்டது, ஆனால் 80-ஐ எப்படிக் காத்திருப்பது? டைமர் துடிப்பை எண்ணலாம் என்றால் ஒரு துடிப்பு 55, இரண்டு துடிப்பு 110. நமக்கு வேண்டியது நடுவில். ஓர் அடிக்கு ஒன்று, அடுத்த அடிக்கு இரண்டு என்று மாற்றி மாற்றி வைத்தால் சராசரி 82 வரும், ஆனால் சொட்டு நொண்டி நொண்டி விழும். ஆவடிக்கு நொண்டாத சொட்டு, இப்போது ஆடுபவருக்கு நொண்டுகிற சொட்டு என்றால் அதுவும் ஒரே ஆட்டமில்லை.

1984-ல் வந்த ஐபிஎம் ஏ.டி.யின் பயாஸில் ஒரு சேவை சேர்த்தார்கள். இன்டரப்ட் 15, பங்ஷன் 86. எத்தனை மைக்ரோ செகண்ட் காத்திருக்கணும் என்று சி.எக்ஸ்., டி.எக்ஸ். இரண்டிலும் எழுதிக் கூப்பிட்டால், பேட்டரியில் ஓடுகிற கடிகாரச் சிப்பை வைத்து அவ்வளவு நேரம் நிறுத்திவிடும். பிராசசர் என்ன வேகம் என்பது அதற்குக் கவலையே இல்லை. பென்டியம் 4 பயாஸிலும் அது இருந்தது.

80 மில்லி செகண்ட் என்றால் 80,000 மைக்ரோ செகண்ட், ஹெக்ஸில் 13880. சி.எக்ஸில் 1, டி.எக்ஸில் 3880. இதை எழுத 10 பைட் போதும். மாமாவின் வெற்று லூப் பிடித்திருந்த இடம் 20 பைட். அதே இடத்தில் என் 10 பைட்டை வைத்து, மீதி பத்தில் 90 நிரப்பினேன். ஃபைலின் நீளத்தில் ஒரு பைட் கூடவில்லை, குறையவில்லை. நீளம் மாறினால் உள்ளே இருக்கும் விலாசமெல்லாம் கலைந்துவிடும். பழைய வீட்டில் சுவரை இடிக்காமல் ஒயரிங் மாற்றுகிற மாதிரி வேலை இது.

'டிக்' சத்தம் மிச்சம் இருந்தது. வகுத்தலை எடுத்துவிட்டதால் பாஸ்கலின் டிலே ரொட்டீன் கையிலிருப்பது கண்டபடி ஓர் எண். சத்தம் சில சமயம் வரும், சில சமயம் வராது. அதனால் அந்த ரொட்டீனையும் அதே இன்டரப்ட் 15-ஐக் கூப்பிடும்படி 19 பைட்டில் மாற்றி எழுதினேன். 2, 20, 19. மொத்தம் 41 பைட்.

ரெக்கார்டு நோட்டு ஸ்டைலில் அளந்தோம். செல்போன் ஸ்டாப்வாட்ச்சோடு மாமா, கீபோர்டில் நான். ஒரு சொட்டும் பிடிக்காமல் லாரியைப் போகவிட்டால் 96. இன்னொரு தடவை, 96. மூன்றாவது தடவை மாமா 'கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியலடா' என்று குடத்தை நகர்த்திவிட்டார், 97. கணக்கு சரிதான்! பயாஸில் கீபோர்டு ரிபீட் வேகத்தையும் யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள், அதைச் சாதாரண அளவுக்கு இறக்கினோம். கீயை அழுத்திப் பிடித்தால் குடம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அதைப் பொறுத்தது அல்லவா?

இன்னொரு சண்டையும் நடந்தது. மீட்டிங்கில் பத்துப் பேர் நன்றாக ஆடினால், பட்டியலில் பத்து இடம்தான், பழைய பெயர்கள் கீழே விழுந்து மறைந்துவிடும். மாமா, "ஸ்கோர் ஃபைலைப் பூட்டிடு, ஒண்ணும் மாறக் கூடாது" என்றார். போனில் கேட்டுக்கொண்டிருந்த அவர் வகுப்புத் தோழர் ஒருத்தர் ஒப்பவில்லை. "ஆவடி இருந்தா விடுவானாடா? வாடா பார்க்கலாம்னு மல்லுக்கு நிப்பான். பூட்டி வெச்சு ஜெயிக்கறது ஒரு ஜெயிப்பா?" கடைசியில் 1995 ஃப்ளாப்பியை அப்படியே பூட்டி டப்பாவில் வைத்தோம். ஒரு நகலில் பேட்ச் போட்ட குடம், பழைய பத்துப் பெயரோடு, போட்டிக்குத் திறந்தது.

இடையில் ஒரு வார்த்தை. இது மாமா எழுதிய கேம், மாமா சொல்லி நான் கை வைத்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய பழைய கேமைத் தன் மெஷினில் ஓட வைப்பதும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் பழசாகிவிட்டது என்பதாலேயே ஒரு கேம் ஊர்ச் சொத்து ஆகிவிடாது. எழுதியவருக்கும் வெளியிட்டவருக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. பேட்ச் தெரிந்துவிட்டது என்று சி.டி. போட்டு விற்கக் கிளம்பாதீர்கள்.

மீட்டிங் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்து டைனிங் ஹாலில். 17 இஞ்ச் பழைய மானிட்டரை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டிரைவர் இரண்டு ஆள் சார்ஜ் கேட்டார், கொடுத்தேன், நியாயம்தான். சாப்பாட்டுக்கு முன்னாலேயே வரிசை கட்டிவிட்டார்கள். ஐம்பது வயசு ஆட்கள் "டேய் தள்ளுடா, என் டர்ன்டா" என்று அடித்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே! கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒருத்தர் 220 எடுத்தார். மாமா 520. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, படிக்கிற காலத்தில் லேப்பில் பையன்கள் மெஷினையே விடமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, 790 போட்டுவிட்டு எழுந்தார். ஹாலே கைதட்டியது.

ஆவடி மாமாவின் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். மகள் பிளஸ் டூ. பட்டியலில் முதல் வரியைப் பார்த்தாள். ஆடினாள். 340.

"அண்ணா, அப்பா ஆடினதும் இதே ஸ்பீடுதானா? இல்ல இப்போ ஈஸியா வெச்சிருக்கீங்களா?"

கணக்கு எழுதிய பேப்பர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. 98, 87 சொட்டு, 1.74, 96, 1,200, 80. ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள், 62 என்பது எப்படி 98 ஆகிறது என்று மட்டும் இரண்டாம் தடவை கேட்டாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள். 460. அடுத்தது 450. அம்மா கூப்பிட்ட பிறகும் இன்னொன்று. 610. பட்டியலில் ஏழாவது இடம். தன் பெயரை அடித்துவிட்டு எழுந்தாள்.

870 இன்னும் மேலேயே இருக்கிறது. மெஷின் இப்போது கடையில், பில் போடுகிற மேஜைக்குப் பக்கத்தில். ஞாயிறு மத்தியானம் கூட்டம் இருக்காது, மாமா திட்டமாட்டார். பாரிவாக்கம் பக்கம் வருகிறவர்கள் வாருங்கள். 96 செகண்ட்தான்.